குழியைச் சுற்றி ஒரு கிளுவை வேலி

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நான் ஏறவேண்டிய பஸ்ஸின் கூரையில் ஒரு புதரையே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இலையில்லாத குச்சிக் கட்டுகள், வேர்மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றிய செடிகள், ஓலைக்கூடையில் ஏதேதோ கொடிகள். வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் கீழே நின்று, மேலே இருந்த கிளீனரை விரட்டிக்கொண்டிருந்தார்.

"மெல்ல வைய்யிப்பா. வெறகா அது? உசுரு உள்ள பொருளு."

"வாரா வாரம் ஒங்களோட இதே ரோதனையாப் போச்சு பாய்" என்றான் கிளீனர். ஆனால் மெதுவாகத்தான் வைத்தான்.

சந்தைக்குப் போகும் சரக்கு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மலேசியாவில் தைப்பிங் நகரத்துப் பூங்காக்களில் செடி வெட்டும் ஆட்களைக் கட்டி மேய்ப்பது என் உத்தியோகம். செடி என்றால் எனக்கு நேர்கோடு, ஒரே உயரம், வாரம் தவறாமல் கத்தரி. காட்டில் தானாக முளைத்துக் கிடப்பதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அதை யோசித்தது எனக்கே பிடிக்கவில்லை. நான் வந்த காரியம் அப்படி.

என் தங்கை தங்கம்மாளின் மகள் வசந்தா, முந்தைய வருஷம் மழைக்காலத்தில், தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குழியில் விழுந்து இறந்துபோனாள். ஏழு வயது. அவளுக்குக் காது குத்தியபோது நான் ஊரில் இருந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, என் சட்டைப் பித்தானை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் அழுகையை நிறுத்தினாள். சாவுச் செய்தி தைப்பிங்குக்கு வந்து சேர்ந்தபோது எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. உடனே கிளம்ப லீவு கிடைக்கவில்லை. அப்புறம் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் என்னைத் தேடிவந்து சொன்னார்: "ஒங்க தங்கச்சி ஊர்ல ஒரு வேலை ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கு. தாய்மாமன் வராம முடிக்க மாட்டோங்கறாங்க." என்ன வேலை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பஸ் அரியலூர் சாலையில் போனது. எதிரே எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் எங்கள் பஸ் மண்ணில் இறங்கி வழிவிட்டது. தைப்பிங் பக்கம் சாலை என்றால் இருபுறமும் பச்சை, நடுவில் கறுப்பு. இங்கே எல்லாமே மாவு தூவியதுபோல் வெளுத்திருந்தது. சட்டை, சாலை, எருமையின் முதுகு எல்லாவற்றிலும் அதே சுண்ணாம்புத் தூசு.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது கூரைக் கயிறு அறுந்து, கட்டுகளெல்லாம் சாலையில் சரிந்தன. டிரைவர் பிரேக் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் காலியாகிவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களும், கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு பெண்களும் இறங்கிக் குச்சி பொறுக்கினார்கள். கண்டக்டர் பையைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு சாலையில் குறுக்கே நின்று, பின்னால் வந்த லாரியைக் கை நீட்டி நிறுத்தினார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் வேலை செய்து கறுத்த முகம், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். "நீங்க எறங்கலியாண்ணே? ஒங்க வேலிக்குத்தான் இதெல்லாம்."

"என் வேலிக்கா?"

"மலேயாவுலேருந்து வர்றவருதானே? மூஞ்சி அப்படியே தங்கம்மா மூஞ்சி. நான் அஞ்சலை, பக்கத்து வூடு. பெரம்பலூர்ல ஏறுனப்பவே தெரிஞ்சிடிச்சு. நீங்களா பேசுவீங்கன்னு பாத்தேன்."

இறங்கிப் பொறுக்கினேன். கையில் சிக்கிய முதல் செடி முள்ளால் கீறியது. தொப்பிக்காரர் பக்கத்தில் வந்து, "காரைச் செடிண்ணே, புதுசா வந்தவங்களக் கீறாம விடாது" என்றார். அவர் காசிம் பாய். ஊரில் டீக்கடை வைத்திருப்பவர். அவரும் அஞ்சலையும் வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரம் போய், ஊரில் அற்றுப்போன செடிகளைத் தேடிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி நின்றார்கள். சாவுக்கு வராத அண்ணன் முதன்முதலாக வருகிறான்; தங்கை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள், சேர்ந்து அழவேண்டும் என்று வந்தவர்கள். தங்கம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வாங்கண்ணே. பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சிதா?" என்றாள். அவ்வளவுதான். தலைமுடியை அவிழ்க்கத் தயாராக இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அவள் அழாதபோது நான் எப்படி அழுவது?

சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். தொட்டுக்கொள்ளப் பிரண்டைத் துவையல். தைப்பிங்கில் நான் ஞாபகத்தில் மட்டுமே சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாடு அது. என் தட்டு காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்க போறா?" என்று அவள் புருஷன் சின்னதுரையைக் கேட்டேன்.

"குழிக்கு மச்சான்" என்றார். "தினமும்தான். நாளைக்குக் காசிம் பாய் கூட்டிட்டுப் போயிக் காட்டுவாரு. எனக்கு அந்தப் பக்கம் காலு வராது."

மறுநாள் காசிம் பாயின் கடையில் டீ குடித்துவிட்டு நடந்தோம். தைப்பிங் டீயைப்போல் இழுத்து ஆற்றாவிட்டாலும், பாய் டீ நாக்கைச் சுடும் சூடு. வழியெல்லாம் அவர் வேலிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் மனிதர்களை விசாரிப்பதுபோல் அவர் செடிகளை விசாரித்தார்.

குழியை நான் சின்னதாக நினைத்து வைத்திருந்தேன். இரண்டு பெரிய பூங்காக்களை உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு அகலம். வெள்ளைச் சுவர் செங்குத்தாக இறங்கி, அடியில் போன மழையின் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. கல் வெட்டியவர்கள் மேலேறி வர ஒரு பக்கம் மட்டும் படி செதுக்கியிருந்தார்கள். அந்தச் சுவர்களில் சிப்பி உருவத்தில் கற்கள் பதிந்திருக்கும். எந்தக் காலத்திலோ இங்கே கடல் இருந்ததாம். சிப்பிக்கல் பொறுக்கத்தான் பிள்ளைகள் இறங்குவார்கள். வசந்தாவும் அதற்குத்தான் இறங்கினாள்.

"குழி வெட்டுன காண்ட்ராக்டரு கடையக் கட்டிட்டுப் போயிட்டாரு" என்றார் காசிம் பாய். "கம்பி வேலி போடுங்கன்னு ஆளு மாத்தி ஆளா போய்ச் சொன்னோம். யாரும் வரல. ஒரு நா காலையில பாக்கறோம், அஞ்சலை தன் வூட்டு வேலிலேருந்து கிளுவைக் குச்சிய ஒடிச்சாந்து நட்டுக்கிட்டு நிக்கிது. தனியா. எவ்வளவு நீளத்துக்கு? ரெண்டு ஆளு அகலத்துக்கு. பாத்துக்கிட்டு எப்படிப் போறது? மறுநா நான் போனேன். அப்பறம் தெருவே வந்துச்சு."

இப்போது அந்த வேலி குழியை வளைத்துக்கொண்டு நின்றது. வெளி வரிசையில், நட்ட குச்சியே துளிர்க்கும் கிளுவை, குச்சிக்குக் குச்சி இடைவெளி இல்லாமல். அதற்கு உள்ளே காரையும் சூரையும் சங்கஞ்செடியும், எல்லாம் முள். அதன்மேல் கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் ஏறியிருந்தன. சரிவில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. ஒரு செடியைப்போல் இன்னொன்று இல்லை. ஒரு உயரமும் இல்லை. நான் வேலை பார்க்கும் பூங்காவில் இப்படி ஒரு வேலி இருந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"பிளாக் ஆபீஸ்லேருந்து ஒரு சாரு வந்தாரு. நல்ல மனுஷன்" என்று பாய் தொடர்ந்தார். "சீமைக்கருவேல வெதை தரேன், வெதைச்சு வுடுங்க, சீக்கிரமே முள்ளுக்காடாயிரும்னாரு. நெசந்தான். ஆனா அது நிக்கிற எடத்துல வேற ஒண்ணு தலை தூக்குமா? பாதிப் பேரு அதயே போடலாம்னாங்க. அஞ்சலைதான் வுடல."

அஞ்சலை கொஞ்சம் தள்ளி, நேற்றுக் கொண்டுவந்த செடிகளுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "அவ எங்க வூட்டு வேலில கோவப்பழம் பறிச்சுத் தின்னவ. எல்லா வூட்டு வேலிலயும் தொங்கி வெளையாண்டவ. அவ பழகுன செடிதான் அவளச் சுத்தி நிக்கணும். முன்பின் தெரியாதது என்னாத்துக்கு?"

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடும் தன் வேலியில் இருப்பதை, அல்லது முன்பு இருந்து அற்றுப்போனதைத்தான் கொடுக்கவேண்டும். அவர்கள் பங்கை அவர்களே நடவேண்டும். அதனால் வேலியைப் பார்த்தே வீட்டைச் சொல்கிறார்கள். இங்கே நொச்சி வந்தால் தச்சர் வீடு, பிரண்டை படர்ந்தால் சின்னதுரை வீடு. தெற்குத் தெருக் கிளுவை துளிர்த்து வடக்குத் தெருக் கிளுவை துளிர்க்காத வாரத்தில் டீக்கடையில் பெரிய சண்டையே நடந்ததாம். வேலி நட்ட கை அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் ஆசையாக வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே யாரோ ஆவாரையையும் துளசியையும் நட்டுவிட, அவர் முதலில் கோபித்துக்கொண்டு, அப்புறம் தானே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டாராம். வீட்டுக்கு வீடு முற்றத்தில் தூதுவளை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலப் பையோடு விராலிச் செடிக் கன்று கேட்டார்கள் என்றார் பாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பெருமையாக இருந்தது அவருக்கு.

சும்மா இருக்கமுடியாமல் நானும் என் தொழிலைக் காட்டினேன். "எல்லாத்தையும் ஒரே உயரமா வெட்டி விட்டா பாக்க லட்சணமா இருக்கும்."

"யாரு பாக்கறதுக்குண்ணே?" என்றாள் அஞ்சலை.

நான் தைப்பிங்கிலிருந்து கொண்டுவந்திருந்த பூ விதைப் பொட்டலங்களைக் காசிம் பாயிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மாஷா அல்லா, படத்துலயே இம்மாம் அழகா இருக்கு. கடை வாசல்ல டின்னுல போட்டு வளக்கறேண்ணே. இந்தப் பக்கம் மட்டும் வேணாம்."

வேலியைச் சுற்றி வந்தபோது அந்த இடத்தில் நின்றேன். படி இறங்கும் இடத்துக்கு நேராக, ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு வேலி இல்லை. தங்கம்மாள் இடுப்பில் குடத்தோடு அதன் வழியாக ஏறி வந்தாள். எங்களைப் பார்த்தும் நிற்காமல், வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் ஊற்றிக்கொண்டு போனாள்.

"இதுதாண்ணே ஒங்களுக்குன்னு நிக்கிற வேலை" என்றார் பாய் மெல்ல. "இந்த வாயை அடைக்கணும். அந்தம்மா அடைக்க வுடமாட்டேங்கிது. தண்ணி எடுக்க வழி வேணும்பா, இல்லாட்டி செடி செத்துப் போவும்பா. கோடை முழுக்க வாஸ்தவந்தான். இந்த வேலிய வளத்ததே அந்தம்மா தண்ணி. ஆனா மழை எறங்கிடிச்சின்னா செடிக்குத் தண்ணி எதுக்கு? குழி நெறைஞ்சிரும். மழைக்கு முந்தி நட்டாத்தான் குச்சி பிடிக்கும். பெத்தவகிட்ட யாரு போயி, நகரு, அடைக்கிறோம்னு சொல்றது? தாய்மாமன் வந்து மொதக் குச்சிய நடட்டும், அந்தப் புள்ளைக்குச் செய்ய வேண்டிய முறை அவருக்குத்தான் இருக்குன்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க."

காது குத்த மடி கொடுத்தவனுக்கு இதுவும் முறையா? எனக்கு அவர்கள்மேல் கோபம்தான் வந்தது. தங்கையைப் பார்க்க வந்தேன்; தங்கையின் வழியை அடைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் கயிறு வாங்க அரியலூர் போகும் காசிம் பாயோடு நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. பஸ் வராததால் கல் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டோம். நின்றுகொண்டேதான் பயணம். வழியில் ஒரு இடத்தில் லாரி சூடாகி நின்றுவிட, டிரைவர் வாளியோடு இறங்கிப் போனார். அவர் தண்ணீர் மொண்ட இடத்தைப் பார்த்தேன். அதுவும் ஒரு குழிதான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மேலேயிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு எருக்கஞ்செடி கூட இல்லை.

பாயைத் தெரிந்த ஒரு பெண் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பாய், அந்தக் கிளுவைக் குச்சி எங்களுக்கும் தரேன்னியே, எப்ப?"

"எங்களுது ஒரு வாய் பாக்கி இருக்கும்மா. அத முடிச்சிட்டு வரோம், இன்ஷா அல்லா."

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அரியலூரில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொடுத்தார். பொறுப்பாகப் பிய்த்துப் போட்டு, "சாப்புடுங்கண்ணே" என்றார். தைப்பிங்கில் சால்னாவில் தேங்காய்ப்பால் சேர்ப்பார்கள். இங்கே காரம் கண்ணுக்குள் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

ஊர் திரும்பும்போது மேற்கே பச்சைமலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் கூட்டம். அஞ்சலை எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் மகள் செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். வசந்தாவோடு ஒரே வகுப்பில் படித்த பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வாய் வழியாக நுழைந்து, கடைசிப் படியில் குனிந்து சிப்பிக்கல்லை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். குடத்தோடு போன தங்கம்மாள்தான் பார்த்து, முடியைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்திருக்கிறாள்.

"ஒம் புள்ளைக்கின்னு நீ தொறந்து வச்சிருக்கிற வழில எம் புள்ள போயிச் சாவணுமா?" என்று அஞ்சலை கேட்டாள். "சொல்லு தங்கம்மா. மொதக் குச்சி நட்டவ நான். எம் புள்ளையக் காவு குடுக்கவா நட்டேன்?"

தங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஞ்சலைக்கே தான் சொன்ன வார்த்தை தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் வந்த அன்று அழாமல் கலைந்துபோன பெண்களெல்லாம் இப்போது அழுதார்கள். தங்கம்மாள் மட்டும் உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். படியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவள் பழகியவள்போல் இறங்கினாள். மொண்டு கொடுத்தாள், நான் தூக்கி வந்தேன். பாதி வேலிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தோம். கடைசியில் மேல்படியில் உட்கார்ந்தோம்.

"அவளும் இப்படித்தான் குனிஞ்சிருப்பா" என்றாள். "செல்வியப் பாத்ததும் ஒரு நிமிஷம் எனக்கு வசந்தாவாத்தான் தெரிஞ்சிது. ஓடிப்போயி இழுத்துட்டேன். அப்பறம் மூஞ்சியத் திருப்பிப் பாக்கறேன், செல்வி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"வாயை அடைக்கணும்னு என்னக் கூப்ட்டிருக்காங்க தங்கம்."

"தெரியும்ணே. அவங்க சொல்றது நாயந்தான். தண்ணிக்குன்னு நான் சொல்றதெல்லாம் சும்மா. மழை வந்தா எதுக்குத் தண்ணி?" குடத்தைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். "ஊரே நட்டுச்சி. ஒரு குச்சியக் கூட நான் காய வுடல. ஆனா அந்த வாயை அடைச்சா, அவள உள்ள வச்சிப் பூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு. ஏறி வந்தா வழி வேணாமா? பைத்தியம்னு நெனைக்காதீங்க. அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முடியல."

ஆறுதல் சொல்லத்தான் கடல் தாண்டி வந்தேன். 'அடைக்கவேண்டாம்' என்று சொல்ல நினைத்தேன். செல்வியின் தேம்பல் காதில் இருந்தது. 'அடைத்துவிடு' என்று சொல்லவும் வாய் வரவில்லை. தூறல் முகத்தில் பட்டதும் எழுந்து வந்துவிட்டோம்.

விடிந்தபோது மழை இல்லை. ஆனால் வானம் தொங்கிக்கொண்டு நின்றது. அன்றே முடித்துவிடவேண்டும் என்று வீட்டுக்கு ஒருவராகக் குழிக்கரையில் கூடினார்கள். காசிம் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். செருப்பையெல்லாம் தூரத்தில் கழற்றிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கால் வராத சின்னதுரையும் வந்து, ஒரு ஓரமாக, குழியைப் பார்க்காமல் நின்றார். அஞ்சலை ஒரு கட்டுக் கிளுவைக் குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சின்னதுரை வீட்டு வேலியில் வெட்டியது. அந்த வாய்க்கு அந்த வீட்டுக் குச்சிதான் வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

தங்கம்மாள் கூட்டத்தில் இல்லை. உள்ளே இருந்தாள். கீழே குடம் முங்கும் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவள் ஏறி வந்தாள். இடுப்பில் நிறைகுடம். வாயைத் தாண்டி வெளியே வந்து, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

அஞ்சலை ஒரு குச்சியை உருவி என் கையில் கொடுத்தாள். தயாராக எடுத்து வைத்திருந்த பள்ளத்தில் அதை இறக்கி, கையால் மண்ணைத் தள்ளினேன். கண் மறைத்தது. என் மடியில் உட்கார்ந்து பித்தானை இழுத்த பிள்ளை மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தாள். மண்ணால் மூடிவிட்டு நிமிர்ந்தபோது எங்கும் ஒரு சத்தமும் இல்லை. காசிம் பாய் என்னவோ சொல்ல வாயெடுத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

தங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். குச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"என்னண்ணே, தலைகீழா நட்டிருக்கீங்க" என்றாள்.

கிளுவைக் குச்சிக்கு அடியும் நுனியும் உண்டு. இலை உதிர்ந்த குச்சியில் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நுனி மண்ணுக்குள் போய்விட்டால் அது பிடிக்காது. அங்கே ஒரு ஆள் நுழையும் சந்து அப்படியே இருக்கும். தைப்பிங் பூங்காவில் கத்தரி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் நான் அதை நுனி கீழாக நட்டிருந்தேன். தாய்மாமன் நட்டதைத் தப்பு என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை.

அவள் அதைப் பிடுங்கினாள். மண்ணை உதறிவிட்டுத் திருப்பிப் பிடித்துப் பள்ளத்தில் இறக்கினாள். இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி, எழுந்து நின்று, குதிகாலால் சுற்றிச் சுற்றி மிதித்து இறுக்கினாள். குடத்தைச் சாய்த்து அதன் காலில் ஊற்றினாள். அப்போதுதான் அவள் அழுதாள். குரல் எழும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

"அடுத்ததக் குடு" என்றாள்.

அஞ்சலை கட்டிலிருந்து ஒன்றை உருவி, அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, அவள் கையில் வைத்தாள்.